சீலோவாம் கோபுரமும் எங்கள் கடற்கரையும்

1 டிசம்பர் 2024, ஞாயிறு, கடலூர்

அட்வெந்தின் முதல் ஞாயிறு. ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மஞ்சக்குப்பத்தில் மழை இன்னும் விடவில்லை, கரண்டும் இல்லை. ஆராதனைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எங்கள் போதகர் ஐயர் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, மைக் இல்லாமல் தொண்டையை உயர்த்திப் பிரசங்கம் செய்தார்.

கிறிஸ்துமஸ் முடியும் வரை நாட்குறிப்பு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். அன்றாடம் கண்ணில் படுவதிலிருந்து விசுவாசத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க ஆசை. லுத்தரன்களுக்கு இது புதிய பழக்கம் இல்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின்னால் வந்தவர்களும் நாட்குறிப்பு எழுதி ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பிவைத்தார்கள். 1710 முதல் அவை அங்கே அச்சேறின. 1737இல் எங்கள் கடலூரிலும் அந்த வழியினர் மிஷன் தொடங்கினார்கள். சத்திரத்தில் யாரைப் பார்த்தோம், வழியில் என்ன பேசினோம் என்றெல்லாம் விவரமாக எழுதுகிறவர்கள். அந்தக் குறிப்புகளில் எனக்குப் பிடித்தது தெருவைப் பார்த்த அந்தக் கண். பிடிக்காதது, எதைப் பார்த்தாலும் எதிரில் நிற்பவனுக்குச் சொல்ல ஒரு புத்திமதி அவர்களிடம் தயாராக இருந்தது.

3 டிசம்பர், செவ்வாய்

சாத்தனூர் அணை நிரம்பி, நேற்று விடியும் முன் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள். தென்பெண்ணை கடலில் சேருவது எங்கள் ஊர் ஓரத்தில்தான். பெரியகங்கணாங்குப்பம், நாணமேடு, உச்சிமேடு, சுபஉப்பலவாடி, குண்டு உப்பலவாடி, கண்டக்காடு, தாழங்குடா, எல்லாப் பக்கமும் வெள்ளம். மாடியில் ஏறி நின்றவர்களைப் படகில் போய்க் கூட்டி வருகிறார்கள்.

சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். ஒருவர் எழுந்து, இது அந்த ஜனங்களின்மேல் இறங்கிய தேவகோபம் என்று ஜெபித்தார். நாலைந்து ஆமென் கேட்டது. எனக்கு வாய் வரவில்லை. மலையில் பெய்த மழை, அணையின் கொள்ளளவு, ஆற்றின் கரை, முகத்துவாரம் என்று காரணம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவளின் பாவக்கணக்கைப் பார்க்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்தபோதுதான் கெட்டது.

6 டிசம்பர், வெள்ளி

தண்ணீர் வடிந்துவிட்டது. சபைப் பெண்கள் சிலர் விளக்குமாறு, பிளீச்சிங் பவுடர், பழைய சேலைகளோடு ஆற்றோர ஊர் ஒன்றுக்குப் போனோம். வீட்டுக்குள் கணுக்கால் புதையும் அளவுக்கு வண்டல். நாங்கள் நுழைந்த வீட்டில் ஒரு அக்கா முட்டி போட்டு, பீரோவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"பொண்ணோட மார்க் ஷீட்டு டீச்சர். பத்தாவது, பன்னெண்டாவது ரெண்டும் ஒரே கவர்ல வச்சிருந்தேன். காலேஜில கேப்பாங்க இல்ல?"

ஜன்னல் சின்னது, கரண்ட் இன்னும் வரவில்லை. செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். அவர் கூட்டினார், நான் வெளிச்சம் காட்டினேன். பிறகு நான் கூட்டினேன், அவர் துழாவினார். சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்த பிறகு, மூலையில் கவர் கிடைத்தது. லேமினேட் செய்திருந்த பத்தாம் வகுப்புச் சான்று தப்பியிருந்தது, மற்றது கூழாகிவிட்டது. அந்த ஒன்றை மடியில் துடைத்துக்கொண்டே, அவர் வாசலுக்கு ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் சேற்றுக் காலோடு வந்து பார்த்துச் சிரித்தாள்.

ராத்திரி லூக்கா 15ஐத் திறந்தேன். காணாமற்போன வெள்ளிக்காசு. விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கிடைக்கும்வரை தேடி, கிடைத்ததும் அண்டை அயலாரைக் கூப்பிடுகிற பெண். ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை. அந்தக் காசு நீதான் என்று சொல்லிக் கொடுத்தார்கள், அது சரிதான். அந்தக் கதையில் கடவுள் எங்கே நிற்கிறார் என்று யாரும் நிறுத்திச் சொன்னதாக நினைவில்லை. இயேசு அவருக்குக் கொடுத்தது விளக்குமாறு பிடித்த பெண்ணின் இடம். அதற்கு முந்தின கதையில் மேய்ப்பன் வருகிறான், பிந்தினதில் தகப்பன் வருகிறார். இருவரையும் ஆலயத்துக் கண்ணாடியிலும் காலண்டரிலும் வரைந்து வைத்திருக்கிறோம். இவளுக்கு நான் பார்த்த எந்த ஆலயத்திலும் படம் இல்லை. சேற்றில் முட்டி போட்டுக் கையை விட்டுத் தேடுகிற கடவுள்! இத்தனை வருஷம் படித்தும் தெரியாததை, வேதப் புத்தகத்தைத் தொட்டிராத ஒரு பெண் இன்று எனக்குக் காட்டிக்கொடுத்தார். அவரிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்கு இப்போது வேண்டியது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றின் நகல். அதற்கு மனு எழுதிக் கொடுத்தேன்.

11 டிசம்பர், புதன், சிதம்பரம்

காலைப் பாசஞ்சரில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டினால் இரண்டு பக்கமும் சம்பா. பரங்கிப்பேட்டைக்கு அப்பால் சில வயல்களில் பயிரின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் கிள்ளைப் பக்கத்து விவசாயி. மூன்று நாலு நாள் என்றால் தாங்கும், அதற்கு மேல் நின்றால் அழுகிவிடும் என்றார். "தண்ணியிலயும் சாவாத ரகம் ஒண்ணு இருக்கும்மா. சிஆர் 1009 சப்1. ரெண்டு வாரம் முழுகினாலும் பொழச்சிக்கும்."

பள்ளியில் தாவரவியல் ஆசிரியரிடம் விசாரித்தேன். அவர் சொன்ன விஷயத்தை இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். சாதாரண நெல், தண்ணீருக்குள் முழுகியதும் மேலே காற்றைப் பிடிக்க வேகமாக நீளுகிறதாம். இருக்கிற சேமிப்பை எல்லாம் அதில் செலவழித்துவிடும். தண்ணீர் வடியும்போது நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்துவிடும். இந்த ரகம் நீளுவதை நிறுத்திக்கொள்கிறது. இருப்பைக் காப்பாற்றிக்கொண்டு அடங்கிக் கிடக்கும். வெள்ளம் போனதும் மறுபடி துளிர்க்கும். அந்தக் குணம், ஒடிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லிலிருந்து எடுத்தது.

46ஆம் சங்கீதத்தில் தண்ணீர்கள் கொந்தளிக்கின்றன, மலைகள் அதிர்கின்றன. கடைசியில் அமைதியாக இருக்கச் சொல்லும் குரல் வருகிறது. துன்பத்தில் அமைதி என்றால் கையைக் கட்டிக்கொண்டு கிடப்பது என்று நினைத்துப் பல சமயம் எனக்கு அந்த வசனத்தின்மேல் கோபம் வந்திருக்கிறது. அந்தப் பயிர் கிடக்கிற விதம் வேறு. உயிரை வைத்திருக்கத்தான் அது அடங்கியிருக்கிறது. அப்பா இறந்த வருஷம் நான் எங்கெங்கோ ஜெபக்கூட்டங்களுக்கு ஓடி ஓடிக் களைத்துப்போனதும், அம்மா ராத்திரி ஒரே ஒரு சங்கீதத்தை வாசித்துவிட்டுப் படுத்ததும் இப்போது வேறு மாதிரி தெரிகிறது.

சாயங்கால ரயிலிலும் அந்த விவசாயி ஏறினார். நீங்கள் அந்த ரகமா நட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இல்லம்மா, பிபிடி. வியாபாரி அதைத்தான் நல்ல வெலைக்கு எடுக்குறான்." அவரிடம் பயிரைப் போல அமைதியாக இருங்கள் என்று சொல்லியிருந்தால் அது கொடுமை. அவருக்கு வேண்டியது தூர் வாரிய வடிகாலும் பயிர்க் காப்பீட்டுப் பணமும். பாடம் எனக்கு, வயல் அவருடையது.

13 டிசம்பர், வெள்ளி

மறுபடி கனமழை. பள்ளி விடுமுறை. அந்த விவசாயியின் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. பெயர் இல்லாமலே ஜெபித்தேன்.

17 டிசம்பர், செவ்வாய், சிதம்பரம்

மார்கழி பிறந்துவிட்டது. வீதிகளில் கோலமும் பூசணிப்பூவும். ஓமக்குளம் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். நந்தனார் பள்ளி இருக்கிற இடம். சுவாமி சகஜானந்தர் 1916இல் தொடங்கியது. மிஷன் பள்ளியில் படித்தபோது கிறிஸ்தவராகும்படி வற்புறுத்தினார்கள் என்றும் அவர் மறுத்துவிட்டார் என்றும் அவர் வரலாற்றில் சொல்வார்கள். பிறகு இந்த ஊரில் உட்கார்ந்து, பள்ளிக்கூட வாசலையே காணாத பிள்ளைகளைப் படிக்கவைத்தார்.

நந்தனார் பேச்சு வந்தால் எங்கள் ஆட்கள் சிலர் குரலில் ஒரு திருப்தி தெரியும்: பார்த்தீர்களா, அவர்கள் கோயிலில் எப்படி வைத்திருந்தார்கள்! எனக்கு அந்தத் திருப்தி பிடிப்பதில்லை. எங்கள் கதை எனக்குத் தெரியும்.

ஆரோன் எங்கள் கடலூர்ப் பிள்ளை. ஆறுமுகமாகப் பிறந்தவர், 1718இல் ஞானஸ்நானம், 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம். தமிழர்களில் முதல் புராட்டஸ்டண்ட் போதகர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், சொல்ல வேண்டியதுதான். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். தஞ்சைப் படையில் இருந்தவர்; அந்த நாட்டில் அலைந்து திரிந்து சபைகளை வளர்த்தவர். 1741இல் அடுத்த போதகராகத் தியோகோவுக்குப் பட்டம் கொடுத்தார்கள். ராஜநாயக்கனுக்குக் கொடுக்கவில்லை. அவர் பறையர். அவர் கையால் நற்கருணை வாங்க வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள்.

கல்வாரியில் எல்லாருக்காகவும் பிட்கப்பட்ட உடல் என்று சொல்லித் தரும் அப்பம் அது. அதைக் கொடுக்கும் கை எந்தச் சாதிக் கை என்று பார்த்தார்கள். போன காலத்துக் கதை என்று தள்ளவும் முடியாது. தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் இன்றும் சாதிக்கு ஒன்றாகக் கிடக்கிறது. ஓமக்குளத்தில் நின்றுகொண்டு அடுத்த வீட்டாரைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. வருகிற 28ஆம் தேதி ஆரோனை நினைக்கிறவர்கள் ராஜநாயக்கனின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஐயரிடம் கேட்கப்போகிறேன்.

24 டிசம்பர், செவ்வாய், கடலூர்

கேரல் ரவுண்ட்ஸ் இந்த வருஷம் ஆற்றோர ஊர்களுக்கும் போனது. மேளம் வேண்டாம் என்று வாலிபர் சங்கத்துப் பிள்ளைகளே சொன்னார்கள். கேக்குக்குப் பதில் பாயும் போர்வையும்.

26 டிசம்பர், வியாழன்

சுனாமி வந்து 20 வருஷம். 2004இல் இதே தேதி ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், நாங்கள் ஆராதனைக்குக் கிளம்பும் நேரத்தில் கடல் ஊருக்குள் ஏறியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். இன்று காலை தேவனாம்பட்டினம் கரையில் பெண்கள் பாலை ஊற்றி, பூவைத் தண்ணீரில் விட்டு அழுதார்கள். போன பிள்ளைக்கு இப்போது என்ன வயசாகியிருக்கும் என்று ஒரு தாய் சொல்லிச் சொல்லி அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

2004க்குப் பிறகு சில மேடைகளில் கேட்டதை மறக்க முடியவில்லை: கடவுள் எச்சரித்தார், விக்கிரகம் வணங்கினவர்களை அடித்தார் என்று. தெரிந்தது இவ்வளவுதான்: பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகள் பிழைத்தன, கடலுக்கு நேரே மணலில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு பிழைக்கவில்லை. இருந்த இடமும் நடுவில் நின்ற காடும்தான் வித்தியாசம். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த பக்தர்களையும் அதே அலைதான் கொண்டுபோனது.

லூக்கா 13இல் இயேசுவிடமே இந்தப் பேச்சு வருகிறது. சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்ததை அவரே எடுத்துச் சொல்லி, அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, இல்லை என்று தானே பதிலும் சொல்லிவிடுகிறார். மனந்திரும்ப வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் என்கிறார். செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. உடனே ஒரு அத்திமரத்தின் கதையைச் சொல்கிறார்: மூன்று வருஷமாகக் காய்க்காத மரம், வெட்டச் சொல்லும் சொந்தக்காரன், இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள், கொத்தி எரு போடுகிறேன் என்று மன்றாடும் தோட்டக்காரன்.

இரண்டும் ஏன் அடுத்தடுத்து வருகின்றன என்று முன்பு எனக்குப் புரிந்ததில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது, அந்த மண்ணைக் கொத்தி மறுபடி கன்று வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேரழிவைப் பற்றிய கேள்விக்கு இயேசு வைத்த பதிலில் விளக்கம் இல்லை. மண்வெட்டியும் எருவும் அவகாசம் கேட்கிற ஒருவனும் இருக்கிறார்கள். இந்த மாதம் நான் பார்த்த எல்லாவற்றையும் அந்த ஒன்பது வசனத்தை வைத்துத்தான் படிக்கிறேன். அடுத்தவர் துக்கத்திலிருந்து கடவுளைப் பற்றி நான் கற்கலாம், என்னைப் பற்றியும் கற்கலாம். அவர்களுக்குத் தீர்ப்பு எழுத எனக்கு இடம் இல்லை.

போதகர்களே, ஜெபக்குழு நடத்துகிறவர்களே, பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கும் தாய்மாரே, உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வெள்ளத்தையும் சுனாமியையும் பற்றிப் பேச நேரும்போது லூக்கா 13ஐக் கோபுரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தோட்டக்காரன் பேசி முடிக்கும்வரை வாசியுங்கள். வாசித்து முடித்ததும், ஆற்றோரத்தில் யார் வீட்டில் இன்னும் சேறு அள்ள வேண்டியிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.