ஒரு கிலோ உப்புக்கு மூன்று லிட்டர் மழை!

தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை பார்க்கும் அந்த ஆச்சி வீடு திரும்பியபோது, பேத்தி நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். எந்தெந்தச் சேர்மங்கள் தண்ணீரில் கரையும், எவை கரையாது என்று பிரித்து எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த வேலை.

"ஆச்சி, சுண்ணாம்புக்கல் கரையுமா?"

"கரையாதுட்டி. அளத்துல மொத மொத அடியில படியுறதே அதாம். அதுக்குப் பொறவு ஜிப்சம்."

பள்ளிக்கூடம் போகாத ஆச்சி சொன்னது சரிதான். உப்புநீர் வெயிலில் சுண்டச் சுண்ட, குறைவாகக் கரையும் பொருள்தான் முதலில் பிரியும். கால்சியம் கார்பனேட் முந்திக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாக மட்டுமே கரையும் ஜிப்சம் அடுத்தது. அதே ஒரு லிட்டரில் சாப்பாட்டு உப்பு 360 கிராம் வரை கரையும். அதனால் அது அவசரப்படாது. அடர்த்தி பார்க்கும் மீட்டர் 25 டிகிரி காட்டும்போதுதான் பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும். இன்னும் அதிகமாகக் கரையும் மெக்னீசியம் குளோரைடு அப்போதும் தண்ணீரிலேயே நிற்கும். அந்தக் கசப்பு நீரை வடிக்காமல் விட்டால் உப்பு கசக்கும், நசநசவென்று ஈரம் கோக்கும்.

'உப்பு – கரையும்' என்று பேத்தி எழுதினாள்.

ஆச்சி அந்த வரியையே பார்த்தார். 2023 டிசம்பரில் பெய்த பெருமழை. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அளத்தில் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடிய உப்பு அம்பாரத்தின் அடியில் வெள்ளம் புகுந்தது. ஒரு கிலோ உப்பைக் கரைக்க மூன்று லிட்டர் தண்ணீர் போதும். வெயிலில் கால் வெடிக்க வாரிய உப்பு, இரண்டு நாளில் வந்த வழியே போய்விட்டது. பிறகு வாரக்கணக்கில் வேலை இல்லை, கூலியும் இல்லை. ஆச்சியின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது அப்போதுதான்.

"கரையும்னு மட்டும் எழுதினா எப்படிட்டி? எம்புட்டு கரையும்னும் எழுது."

பேத்தி யோசித்தாள். அட்டவணையின் ஓரத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்து, மேலே 'எவ்வளவு?' என்று எழுதினாள். பிறகு நிமிர்ந்து ஆச்சியைப் பார்த்தாள்.

ஆச்சியின் காதில் இன்னும் வேப்பங்குச்சிதான்.