சரித்திர உபாத்தியாயரும் மாலைப் படிப்பும்

பட்டமும் பெற்று உத்தியோகத்திலும் அமர்ந்த பின்னர் மறுபடியும் சர்வகலாசாலைக்குச் சென்று சரித்திரத்தில் எம்.ஏ. படிப்பானேன் என்று நம்மைக் கேளாத நண்பர் இலர். சம்பளம் எவ்வளவு உயரும் என்பதே அவர்தம் அடுத்த வினா. பகலெல்லாம் இடைநிலைப் பள்ளியில் போதித்து, விடைத்தாள்களைப் பையிற் சுமந்தபடி மாலை வகுப்புக்குச் செல்லும் நம்மைப் பார்த்து இரங்குவோரும் உண்டு. அவ்விரக்கம் நமக்கு வேண்டுவதில்லை.

2013ஆம் ஆண்டு முதல் எஸ்.பி.எம். பரீட்சையில் சரித்திரம் தேறாதவனுக்குச் சான்றிதழ் கிடையாது. ஆதலால் பிள்ளைகள் ஆண்டுகளை நெட்டுருப் போடுகின்றனர், நாமும் போடுவிக்கின்றோம். தமிழர் கங்காணி மூலம் வந்தனர், 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தது, அவ்வளவே. யார் சொன்னது, எதைக்கொண்டு சொன்னார் என்று கேட்க அங்கே நேரமேது? மேற்படிப்பிலோ அக்கேள்வியன்றி வேறு பாடமே இல்லையெனலாம்.

பள்ளி விடுமுறை வந்ததும் நாம் கோலாலம்பூரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குச் செல்வோம். சிலாங்கூர்ச் செயலகத்தின் பழங்கோப்புகள் அங்குள்ளன. துரைமார் ஆங்கிலத்தில் எழுதியவை. வந்தோர் இத்தனை, மாண்டோர் இத்தனை என்று எண் இருக்கும். பெயர் பெரும்பாலும் இராது. பெயரறிந்தவர்கள் தோட்டத்து லயங்களிலும், தோட்டம் கைமாறியபின் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் முதிர்ந்து கிடக்கின்றனர். அவர்கள் பேசுவது தமிழ். அக்கோப்பையும் படித்து, இம்முதியோரையும் கேட்டு, மலாயிலும் எழுத வல்லவர் யார்? தோட்டத்திற் பிறந்து தமிழ்ப் பள்ளியில் பயின்ற உபாத்தியாயரன்றோ!

1942-43இல் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுசென்ற நம்மவர் பல்லாயிரவர். அங்கே மாண்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசையாய் நிற்கின்றன. நம்மவரில் மாண்டோர் எத்தனை பேர் என்பதற்கே ஒத்த கணக்கில்லை. அன்று இருபது வயதினர் இன்றிருந்தால் நூறு கடந்திருப்பர். அவர் வாய்மொழி கேட்ட மக்களுக்கும் எண்பது ஆகிறது. ஓய்வூதியம் வாங்கிய பிறகு ஆராயலாம் என்று நாம் இருந்தால், கேட்பதற்கு எவர் இருப்பர்?

நான்காம் படிவத்துப் பிள்ளைகளுக்கு நாம் ஒரு வேலை கொடுத்தோம். வீட்டு மூத்தோரிடம் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் சொன்னது என்று கேட்டெழுதி வரவேண்டும். இது பரீட்சையில் வருமா என்றார் தலைமையாசிரியர். வராது என்றோம். மறுவாரம் ஒரு பெண் மூன்று தாள் எழுதிவந்தாள். யார் சொன்னது என்ற இடத்தில், "பாட்டி, ஆனால் பெரியப்பா வேறுவிதமாகச் சொல்கிறார்" என்றிருந்தது.