சுவரில் முளைத்த இத்தி

வன்னியில் பனைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதினமில்லை. பழம் தின்ற காகம் பனையின் மட்டை இடுக்கில் எச்சமிட்டுப் போகும். அந்த விதை முளைத்து, பனையைச் சுற்றி வேர் இறக்கி, என்றோ ஒருநாள் நிலத்தைத் தொட்டுவிடும். ஆல், அரசு, இத்தி மூன்றும் இதில் ஒரே குணம். கூரையில்லாத வீட்டுச் சுவரும் அவற்றுக்குப் பனைதான்.

எங்கள் நாச்சிக்குடா வீட்டுச் சுவரில் நின்றது இத்தி. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினொரு வயது. 2010இல் திரும்பினோம், வாப்பா புத்தளத்திலேயே மௌத்தாகியிருந்தார். புது வீட்டுக்காகச் சுவரை இடிக்க வந்த மேசன், வேருக்கு அசிட் ஊற்றச் சொன்னார். உம்மா மறித்தா. "நாம இல்லாத காலத்துல இந்த வீட்டுல இருந்தது இது மட்டுந்தானே, மகன்."

முற்றத்தில் நடவும் முடியாது, கிணற்றைப் பிளந்துவிடும். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்கு விவசாயம் படிப்பித்தவர் போன்சாய் வளர்ப்பவர். அவரிடம் கேட்டுக்கொண்டு, வேர் கவ்விய செங்கல்லோடு மரத்தைத் தட்டில் வைத்தேன்.

முதல் மழையோடு தடித்த வேரை வெட்ட வேண்டும். பால் வடியும், பயப்படத் தேவையில்லை. ஈரத்துணியால் ஒற்றினால் நிற்கும். மண்ணில் செங்கல் தூளும் பருமணலும் பாதிக்கு மேல், மீதி மக்கிய சாணம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். கொப்புக்கு அலுமினியக் கம்பி சுற்றலாம். ஆனால் இத்தி மாரியில் வேகமாகப் பருக்கும். கம்பி பட்டைக்குள் இறங்குமுன் துண்டு துண்டாக வெட்டி எடுக்க வேண்டும், திருகிக் கழற்றினால் கொப்பு முறியும். மரம் பலமாக இருக்கும்போது காம்பை விட்டு இலைகளைக் கத்தரித்தால் அடுத்த இலைகள் சிறிதாக வரும். விழுதுதான் கடினம். காற்றில் ஈரம் வேண்டும். ஆடியில் வீசும் சோளகத்தில் எல்லாம் கருகிவிடும். மாரியில் பப்பாசி இலைக்காம்பைக் குழாயாக்கி அதற்குள் விழுதை இறக்கிப் பார்த்தேன். இரண்டு மண்ணைத் தொட்டன.

"கால் கட்டின கோழி மாதிரி வச்சிருக்கிறியள் சேர், பாவமில்லையா?" என்று உடன் படிப்பிக்கும் ஆசிரியை கேட்டா. பட்டினி போட்டுக் குள்ளமாக்குவதாகப் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வெயிலில் ஒருநாள் தண்ணீர் தவறினாலே வாடும். சுவரில் இருந்ததைவிடத் தட்டில் மண் அதிகம். ஆனாலும் அவ கேட்டது சரியான கேள்விதான். மரத்திடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

வாஷிங்டன் தேசிய மரத்தோட்டத்தில் 1625 முதல் வளர்க்கப்பட்ட போன்சாய்ப் பைன் ஒன்று உண்டு. 1945 ஓகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோமீற்றரில், ஒரு மதிலின் மறைவில் நின்று தப்பியது. மசாரு யமாகி 1976இல் அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தார். 2001இல் பேரன்மார் வந்து சொல்லும்வரை அது எதிலிருந்து தப்பியது என்பது தோட்டத்தாருக்குத் தெரியாது. கொடுத்ததைவிட, சொல்லாமல் கொடுத்ததே என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. நம்மால் அப்படி இருக்க முடியுமா?

எங்கள் இத்தியின் செங்கல் இப்போது ஒரு பக்கம் கரைகிறது. வரும் மாரியில் தட்டு மாற்றும்போது அதை எடுத்துவிடலாம், வேர் தானாக நிற்கும் என்கிறார் கலாசாலை ஆசிரியர். உம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.