கயிற்றின் அளவறிதல்

நுழையும்முன்

மலைக்கும் காட்டுக்கும் முகாம் செல்வோரின் பையில் மிகக் குறைந்த இடத்தைப் பிடிப்பது ஒரு சுருள் கயிறு. மழையிரவில் தலைக்குமேல் கூரை நிற்பதும் விழுவதும் அதனைப் பொறுத்தவை. ஒரு கயிறு எவ்வளவு தாங்கும் என்பதை அதன் உறையில் அச்சிட்டிருக்கும் எண் சொல்லிவிடும். அந்த எண்ணை எவ்வாறு பொருள்கொள்வது என்பதைப் பயன்படுத்துவோர்தாம் அறிந்திருக்க வேண்டும்.

வேலையும் கயிறும்

பூத்தொடுக்க நார்; பட்டம் விட நூல்; கன்றைக் கட்டத் தும்பு; கிணற்று நீர் இறைக்கத் தாம்பு; வைக்கோல் கட்டப் பிரி; தேர் இழுக்க வடம். கயிறு என்னும் ஒரு பொருளுக்குத் தமிழ் இத்தனை பெயர்களை வைத்திருக்கிறது. பொருளின் பருமனை மட்டும் குறிப்பதற்காக இப்பெயர்கள் தோன்றவில்லை. எந்த வேலைக்கு எந்தக் கயிறு என்னும் பட்டறிவும் அவற்றுள் அடங்கியுள்ளது. வடத்தால் பூத்தொடுக்க முனைவாரும் இல்லை. நாரால் தேரிழுக்கத் துணிவாரும் இல்லை. முதலில் வேலை, பிறகே கயிறு என்பது உழவரும் மீனவரும் வழிவழியாக அறிந்த முறை.

முகாமில் கயிற்றுக்குரிய வேலைகள் பல. கூடாரத்தின் மூலைகளை முளைகளோடு பிணைக்க வேண்டும். இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டி, மழை தடுக்கும் துணியை அதன்மேல் விரிக்க வேண்டும். நனைந்த உடைகளை உலர்த்த வேண்டும். எறும்பும் விலங்கும் எட்டாத உயரத்தில் உணவுப்பையைத் தொங்கவிட வேண்டும். பையின் வார் அறுந்தாலும் காலணியின் கயிறு அறுந்தாலும் மாற்று வேண்டும். இவற்றுள் எதற்கும் தடித்த கயிறு தேவையில்லை. மேலும், மலையேறுபவர் ஒவ்வொரு பொருளையும் தம் தோளில் சுமந்தாக வேண்டும். ஆதலால் மெல்லியதும் எடை குறைந்ததுமான கயிற்றையே அவர் நாடுகிறார்.

வான்குடையிலிருந்து வந்த கயிறு

அமெரிக்க வேதியியலாளர் வாலஸ் கரோத்தர்ஸ் தலைமையிலான டூபான்ட் நிறுவன ஆய்வுக்குழு 1935ஆம் ஆண்டில் நைலானை உருவாக்கியது. அதற்குமுன் வான்குடைகள் பட்டினால் ஆக்கப்பட்டன. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானியப் பட்டு வரத்து நின்றுபோகவே, பட்டின் இடத்தை நைலான் பிடித்தது. வான்குடையைத் தாங்கிய மெல்லிய கயிறுகள் தரையிறங்கிய வீரர்களுக்குப் பல வேலைகளுக்கும் உதவின. போருக்குப் பின்னர் முகாம் வாழ்விலும் அவை இடம்பெற்றன.

‘பாராகார்டு’ என இன்று விற்கப்படும் கயிறு இவ்வழியில் வந்ததே. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பருமனுள்ள இதன் நடுவில் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட இழைப்புரிகள் இருக்கும். அவற்றைப் பின்னப்பட்ட உறை ஒன்று சூழ்ந்திருக்கும். 550 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ எடை வரை அறாமல் நிற்க வேண்டும் என்பது இதற்குரிய தரவரையறை. 30 மீட்டர் கயிற்றின் எடை 200 கிராம் அளவே. 1997ஆம் ஆண்டில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைச் செப்பனிடச் சென்ற விண்வெளி வீரர்களுக்கும் இவ்வகைக் கயிறு பயன்பட்டது.

இழைகளின் இயல்பு

கயிற்றைத் தேர்பவர் முதலில் அறியவேண்டியது இழையின் இயல்பு. நைலான் நெகிழ்ந்து கொடுக்கும். காற்றின் திடீர்த் தாக்குதலை அந்த நெகிழ்ச்சி தணிக்கும். ஆனால் அது நீரை உறிஞ்சும், நனைந்தால் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கூரை நள்ளிரவு மழையில் தொய்ந்துவிடும். தொய்வில் நீர் தேங்கும். 20 லிட்டர் நீர் தேங்கினால் 20 கிலோ சுமை கூடிவிடும். தூங்குபவர் அதை அறிவதற்குள் முளை பிடுங்கிக்கொள்ளும், கூரை சரியும்.

பாலியெஸ்டர் நீரை மிகச் சிறிதளவே உறிஞ்சும், குறைவாகவே நீளும். மழைக்காலக் கூரைக்கு அது ஏற்றது. ‘டைனீமா’ என்னும் பெயரில் அறியப்படும் பாலிஎத்திலீன் இழை நீரில் மிதக்கும் அளவுக்கு இலேசானது. 2 மில்லிமீட்டர் பருமனுள்ள அக்கயிறு 30 மீட்டர் இருந்தாலும் 100 கிராம் எடையை எட்டாது. ஆயினும் அதன் வலிமை வியப்பளிப்பது. அதற்கும் குறைகள் உண்டு. அதன் மேற்பரப்பு வழுக்கும். மற்றக் கயிறுகளில் நிற்கும் முடிச்சு இதில் நழுவக்கூடும். ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே அது உருகும். எனவே அடுப்பின் அருகில் அதற்கு இடமில்லை. எல்லா வகையிலும் சிறந்த கயிறு என ஒன்றில்லை.

எண்ணும் உண்மையும்

முகாம்களில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. மாணவன் ஒருவன் இரண்டு மரங்களுக்கிடையே தொங்குபடுக்கை கட்டுகிறான். கையிலிருக்கும் கயிறு 250 கிலோ தாங்கவல்லது. அவன் எடையோ 60 கிலோ. படுக்கை சிறிதும் தொய்யாதவாறு முழு வலிமையோடு இழுத்துக் கட்டுகிறான்.

“ஐயா, கோடு போட்டதுபோல் நேராகக் கட்டிவிட்டேன்” என்கிறான் பெருமையுடன்.

“அதுதான் தம்பி ஆபத்து. அவிழ்த்துவிடு” என்கிறார் பயிற்றுநர்.

இயற்பியல் வகுப்பில் பயிலும் இழுவிசையே இதற்கு விடை தருகிறது. கயிறு கிடைமட்டத்தோடு 30 பாகைக் கோணத்தில் சரிந்திருந்தால், இருபுறக் கயிறுகளும் தனித்தனியே 60 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்கும். கோணம் 10 பாகையாகக் குறைந்தால், ஒவ்வொரு புறமும் தாங்கவேண்டிய விசை ஏறத்தாழ 173 கிலோ எடைக்குச் சமமாகும். 5 பாகையானால் அது 340 கிலோவைக் கடந்துவிடும். கயிறு நேர்கோட்டை நெருங்க நெருங்க, அதே உடல் பன்மடங்கு பாரமாகிறது.

இன்னொன்றும் உண்டு. கயிறு முடிச்சில் கூர்மையாக வளைவதால் அங்கே அதன் வலிமை குறைகிறது. முடிச்சின் வகைக்கேற்ப இக்குறைவு பாதியளவு வரைகூடச் செல்லும். 250 கிலோ என்று எழுதப்பட்ட கயிறு முடிச்சிட்டபின் 125 கிலோவுக்கே அறலாம். மெதுவாக அமராமல் திடீரெனச் சுமையை ஏற்றினால் விசை இருமடங்காகும். போதிய சரிவோடு கட்டிய கயிறும் அப்போது தன் எல்லையை நெருங்கிவிடும்.

எனவேதான் முகாமுக்குரிய மெல்லிய கயிற்றை ஒருபோதும் மனித உடலின் எடையைத் தாங்குவதற்குப் பயன்படுத்தலாகாது என்பது மலையேறுவோர் கைக்கொள்ளும் கண்டிப்பான விதி. தொங்குபடுக்கைக்குப் பட்டையான வார்கள் உள்ளன. பாறை ஏறுவதற்கென்றே ஆய்ந்து சான்றளிக்கப்பட்ட தடித்த கயிறுகள் உள்ளன. அவசரத்தில் நண்பனைப் பள்ளத்திலிருந்து தூக்கிவிடலாம் என்று மெல்லிய கயிற்றை நீட்டுபவர், இருவர் உயிரையும் எண்ணாமல் செயல்படுகிறார்.

முடிச்சும் முறையும்

கயிறு வாங்கக்கூடியது, முடிச்சு கற்கவேண்டியது. அமெரிக்கரான கிளிஃபோர்டு ஆஷ்லி 1944இல் வெளியிட்ட முடிச்சுகள் பற்றிய நூலில் 3,800க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. முகாமுக்கு நான்கைந்து முடிச்சுகளே போதும். இறுகாத கண்ணி ஒன்று. மரத்தைச் சுற்றிப் பிணைக்கும் முடிச்சு ஒன்று. முளையருகே நகர்த்தி இறுக்கவும் தளர்த்தவும் இயலும் முடிச்சு ஒன்று. ஆஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் புருசிக்கின் பெயரால் வழங்கும் முடிச்சும் இவற்றோடு சேரும். மெல்லிய கண்ணியொன்றைத் தடித்த கயிற்றின்மேல் சுற்றினால், சுமையில்லாதபோது அது நகரும். சுமை விழுந்ததும் இறுகப் பற்றிக்கொள்ளும். கூரைத் துணியை விரித்து நிறுத்த அது மிகவும் உதவும். நல்ல முடிச்சுக்கு இரண்டு இலக்கணங்கள்: வேண்டும்வரை நிற்க வேண்டும், வேண்டாதபோது எளிதில் அவிழ வேண்டும். மழையில் விரல்கள் விறைத்திருக்கும்போது இரண்டாவது இலக்கணத்தின் அருமை விளங்கும்.

கட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். நடைவழியில் கழுத்து உயரத்தில் கட்டிய கயிறு இருளில் கண்ணுக்குத் தெரியாது. ஒளியை எதிரொளிக்கும் இழை கலந்த கயிற்றைத் தேர்வதும், வெள்ளைத் துணித்துண்டு ஒன்றைத் தொங்கவிடுவதும் விபத்தைத் தவிர்க்கும். மெல்லிய கயிறு இளமரத்தின் பட்டையை அறுக்கும். இடையில் துணியை மடித்து வைப்பது மரத்துக்குச் செய்யும் மரியாதை. நைலான் கயிற்றை வெட்டியபின் நுனியைத் தீயில் சிறிது காட்டினால் இழைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். உருகிய நுனியை உடனே விரலால் தொடக்கூடாது.

முகாம் முடிந்ததும் பட்டறிந்தவர் கயிற்றை நிழலில் உலர்த்துகிறார். வெயிலில் நெடுநாள் கிடந்தால் இழை வலுவிழக்கும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு அதை முழுநீளமும் விரல்களுக்கிடையே ஓடவிடுகிறார். உறை தேய்ந்த இடமும் உள்ளிழை மெலிந்த இடமும் கண்ணுக்குமுன் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. அப்பகுதியைத் தயங்காமல் வெட்டி நீக்குகிறார். எஞ்சிய கயிறு நீளத்தில் குறைந்திருக்கலாம். ஆனால் அது எவ்வளவு தாங்கும், எதைத் தாங்காது என்பதை அவர் அறிவார். அடுத்த மழையிரவில் அந்தக் கூரையின்கீழ் உறங்கப்போகிறவர்களுக்கு அந்த அறிவே காவல்.