நீலி பார்த்துக்குவா!

ஸ்ரீபெரும்புதூர் - திருவள்ளூர் ரோட்டில் உள்ள மண்ணூர் நான் வளர்ந்த ஊர். அங்கே தினமும் ராத்திரி பாட்டி பிசைந்த சோற்றோடு பழையனூர் நீலியும் உண்டு. அந்தப் பேய், கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வழிப்போக்கனான ஒரு வியாபாரியைப் புருஷன் என்று அழும். வேளாளர் 70 பேர் நம்பி, ‘அவன் உயிருக்கு நாங்க பொறுப்பு’ என்பார்கள். ராத்திரியே அவன் காலி. சொன்ன சொல்லுக்காக 70 பேரும் தீக்குளிப்பார்கள். (நீலிக் கண்ணீர் இதுதான் சார்!)

‘திருவள்ளூர் தாண்டினா திருவாலங்காடு, பக்கத்துலயே பழையனூர்’ என்று பாட்டி அட்ரஸ் வேறு கொடுப்பாள்.

அஞ்சு வயசுப் பையனுக்குச் சொல்கிற கதையா இது? வளர்ந்தபின் கேட்டேன்.

“உங்கம்மா நாத்து நடப் போயிடுவா. எனக்குக் கண்ணு தெரியாது. நீ ஏரிப் பக்கம் ஓடினா யாருடா புடிக்கிறது? நீலியைத்தான் காவலுக்கு வெச்சேன்.”

இப்போது அதே ரோட்டில் கன்டெய்னர் லாரிகள். போன மாசம் ஊருக்குப் போனபோது என் பெண் வாசல் தாண்டி ஓடினாள். இழுத்துப் பிடித்து, “நீலி லாரி ஓட்டிக்கிட்டு வரா!” என்றேன்.