மூலம் காணப்பெறவில்லை

ஏட்டுச்சுவடி படிப்போர் எழுத்தெழுத்தாகப் படித்தல் வேண்டும் என்பதும், விளங்காத இடத்தில் தம் கருத்தைப் பெய்து மூலத்தைத் திருத்துதல் ஆகாது என்பதும் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் புகுந்த நாள்தொட்டு எமக்கு ஓதப்பெற்று வரும் விதிகளாம். தேர்விலே இவ்விதிகளை விரித்தெழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். ஆயினும், சென்ற ஆண்டு, கணினித் திரையில் தோன்றிய நான்கு வரிச் செய்தி ஒன்றனை இரண்டு நாளாகியும் யாம் படித்திலேம். அதனால் விளைந்த கேட்டையும், அக்கேடு ஒருவாறு நீங்கிய வகையையும் நண்பர்கட்கு உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். கணினித்துறை சாராத தமிழ் மாணவர் இதனைக் கூறப் புகுதல் மிகையெனத் தோன்றலாம். பட்டவர் சொல்லுக்குச் செவிகொடுத்தல் உலக வழக்காகலின், பொறுத்தருள்க.

எம் துறை நூலகத்தில் மரப்பெட்டிகள் சில உள. பல்லாண்டு இங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், துறையிலுள்ள பழைய நூல்களுக்கும், கல்லூரி மலர்களில் வெளிவந்த கட்டுரைகளுக்கும் தம் கைப்பட அட்டை எழுதி அப்பெட்டிகளில் அடுக்கி வைத்தார். எழுதிய அட்டையை நூலோடு மீண்டும் ஒப்புநோக்கிய பின்னரே, அதன் வலப்பக்க மூலையில் ‘மூலம் பார்த்தது’ என்று சிற்றெழுத்தாற் குறித்தல் அவர்தம் வழக்கம். அவர் மாணாக்கர் ஒருவர், 2009-ஆம் ஆண்டில், அவ்வட்டைகளைக் கணினியில் ஏற்றித் தேடுதற்கென மென்பொருள் ஒன்று இயற்றித் துறைக்கு அளித்தார். ஆய்வேடு எழுதுவார்க்கு அன்றுமுதல் அதுவே கைவிளக்கு. எஞ்சிய அட்டைகளை முதலாண்டு மாணவர் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக அதிற் பெயர்த்தெழுதி வருகின்றனர்.

இம்மென்பொருள் கல்லூரிக் கணினி மையத்துச் சர்வரில் இருந்தது. பலர்க்கும் வேண்டிய செய்திகளைத் தன்னகத்தே வைத்துக்கொண்டு, கேட்டார்க்குக் கேட்டதனை எடுத்தளிக்கும் கணினியே சர்வராம். பழைய சர்வர் முதுமையுற்றமையின், விண்டோஸ் சர்வர் 2019 அமைந்த புதிய பொறிக்கு எல்லாவற்றையும் மாற்றினர். பழையதன் வட்டினை வேறு பணிக்கென அழித்தனர். மாற்றிய பின்னர்ப் பிற யாவும் இயங்கின; எம் துறை அட்டவணை ஒன்றே இயங்காதாயிற்று. பழைய மாணவர் நாளுக்கோ பத்து நாள்களே இருந்தன. பேராசிரியர் அன்று வருவதாக ஒப்பியிருந்தார். கணினி மையப் பொறுப்பாளர் இரண்டு நாள் விடுப்பிற் சென்றிருந்தார். பள்ளியிற் சிறிது கணினி பயின்றிருந்த செருக்கினால், “யாமே செப்பம் செய்வோம்” என்று துறைத்தலைவரிடம் கூறி அனுமதியும் பெற்றுவிட்டோம்.

மென்பொருட் சட்டகம் என்பதனை ஈண்டுச் சிறிது விளக்குதல் தகும். மென்பொருள் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய அனைத்தையும் தானே கொண்டிருப்பதில்லை. கோப்பினைத் திறத்தல், எழுத்தினைத் திரையிற் காட்டல் முதலாய பொதுத்தொழில்களைச் செய்தற்கு ஓர் அடித்தளம் வேண்டும், அதுவே சட்டகம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2002-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிட்ட டாட்நெட் பிரேம்வொர்க் அத்தகையது. அதன் 2.0 பதிப்பு 2005-இலும், 3.0 பதிப்பு 2006-இலும், 3.5 பதிப்பு 2007-இலும் வெளிவந்தன. இம்மூன்றும் ஒரே இயக்குபொறியின்மேல் நிற்பன, ஆகலின், 3.5-ஐ நிறுவின் முன்னிரண்டும் உடன்வரும். 2010-இல் வந்த 4-ஆம் பதிப்போ வேறோர் இயக்குபொறி உடையது. அதன்பின் 4.5 முதலாக வந்தவை, முன்னதனை நீக்கி அதன் இடத்திலேயே தாம் அமர்வன. எனவே, புதியது பழையதன் கடமையை ஏற்கும் என்பது 4-ஆம் வரிசைக்குள்ளே செல்லும். 4.8 இருப்பின் 3.5 வேண்டா என்று கோடல் பிழை. இரண்டும் ஒரே பொறியில் அருகருகே வாழ்வன, 3.5-ஐ நம்பி எழுதிய மென்பொருளை 4.8 தானாக ஏற்று நடத்தாது.

இவ்வேறுபாட்டினை முதல் நாள் யாம் அறியேம். புதியதே சிறந்தது என்று கருதி 4.8-ஐக் கொணர்ந்து நிறுவினோம். அது செவ்வனே அமர்ந்தது. பதிப்பினை அறிதற்கு விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ‘ரிலீஸ்’ என்றோர் எண் உண்டு, அதனையும் நோக்கினோம். 528049 என்று இருந்தது. அப்பொறியில் 4.8-க்கு உரிய எண் அதுவே. சர்வரை நிறுத்தி மீண்டும் தொடங்கினோம். அட்டவணை அசையவில்லை. கேளாத வினாவுக்குச் சரியான விடை எழுதிய தேர்வர் நிலை எம் நிலையாயிற்று.

மறுநாள், மென்பொருள் இயற்றியவர் எழுதிவைத்த இரண்டு பக்கக் குறிப்பு துறை அலமாரியில் அகப்பட்டது. அதன் முதல் வரியிலேயே 3.5 வேண்டும் என்று இருந்தது. முன்னமே பார்த்திருப்பின் ஒரு நாள் எஞ்சியிருக்கும். சர்வரின் சிறப்பியல்புகளைச் சேர்க்கும் பக்கத்தைத் திறந்து, டாட்நெட் 3.5 என்பதனைக் குறியிட்டோம். நிறுவுமுன் மஞ்சள் நிறத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றி, மூலக் கோப்புகளுக்கு வேறு இடம் காட்ட வேண்டுமோ என்று வினவியது. அதனைப் படியாமலே மூடினோம். சிறிது நேரங் கழித்து, 0எக்ஸ்800எஃப்081எஃப் என்னும் பிழையெண்ணோடு, மூலக் கோப்புகள் காணப்பெறவில்லை என்னுஞ் செய்தி வந்தது. அதன்கீழ் மேலும் எழுதியிருந்தது. ‘காணப்பெறவில்லை’ என்ற அளவில் எம் கண்கள் நின்றுவிட்டன.

அதன்பின் யாம் செய்தவை முறையற்றவை. அதே குறியினை மும்முறை இட்டு, அதே பிழையினை மும்முறை பெற்றோம். இடையிடையே சர்வரை நிறுத்தித் தொடங்கினோம். ஒன்றன் பயனை அறியுமுன் மற்றொன்றை மாற்றினோம். எதனையும் குறித்து வைத்திலேம். மாலையில், அட்டவணை மென்பொருளே பழுதுற்றிருக்கும் என்று எமக்குள்ளே முடிவு கட்டி, அதனை நீக்கி, அது இருந்த கோப்புறையையும் மீட்க இயலாதவாறு அழித்துத் துறையிலுள்ள வட்டிலிருந்து மறுபடி நிறுவலானோம். நிறுவி முடியுந் தறுவாயில்தான், தரவுக் கோப்பும் அக்கோப்புறைக்குள்ளே இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

அன்றிரவு விடுதியில் யாம் உறங்கவில்லை. பொறியின்மேற் பழி போடுதற்கு வாய்ப்பிருந்தது. இயங்காத மென்பொருளின் தரவு முன்னமே கெட்டிருந்தது என்று சொன்னால் யார் மறுப்பர்? இவ்வெண்ணம் எழுந்ததனை மறைக்க விரும்புகிலேம். ஆனால் பேராசிரியர்தம் சிற்றெழுத்துகள் கண்முன் நின்றன. விடிந்ததும் கணினி மையத்தின் வாயிலிற் காத்திருந்து, பொறுப்பாளர் வந்தவுடன் நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே கூறினோம்.

அவர் சினந்திலர். தம் காப்புப்படிகளைத் தேடிப் பார்த்தார். மாற்றத்திற்கு இரண்டு வாரம் முன்னர் எடுத்த படி ஒன்று இருந்தது. அதற்குப்பின் முதலாண்டு மாணவர் பெயர்த்தெழுதிய 140-க்கு மேற்பட்ட அட்டைகளின் பதிவு அழிந்தது அழிந்ததே. பின்னர் எம்மை அருகே அமர்த்தி, “தம்பி, அந்தப் பிழை என்ன சொல்லிற்று?” என்றார்.

“மூலக் கோப்புகள் காணப்பெறவில்லை என்று சொல்லிற்று, ஐயா.”

“அதற்கு அடுத்த வரி?”

யாம் வாளா இருந்தோம். அவர் அதே செயலை மீண்டும் செய்து, பிழையினை வருவித்து, “வாய்விட்டுப் படி” என்றார். கோப்புகள் இருக்கும் இடத்தினை ‘சோர்ஸ்’ என்னும் குறிப்பினாற் காட்டுக என்று அடுத்த வரி கூறிற்று. நோயை உரைத்த செய்தியே மருந்தையும் உரைத்திருந்தது.

பின்னர் அவர் காரணத்தை விளக்கினார். வட்டில் இடத்தை அடைக்காதிருத்தற்பொருட்டு, 3.5-இன் பெயரை மட்டும் பட்டியலில் வைத்து அதன் கோப்புகளை வையாது விடுதல் விண்டோஸ் சர்வர் 2012 முதற்கொண்டு உள்ள அமைப்பாம். நூற்பட்டியிற் பெயர் உண்டு. அலமாரியில் நூல் இல்லை. கேட்டவிடத்து அது இணையவழியே விண்டோஸ் அப்டேட்டை அணுகிக் கோப்புகளைக் கொணர முயலும். எம் கல்லூரியிலோ எல்லாக் கணினிகளுக்கும் புதுப்பிப்புகள் டபிள்யூசஸ் என்னும் உள்ளகச் சர்வர் வழியாகவே வருமாறு அமைத்துள்ளனர். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் அவ்வழியிற் கிடைக்கும், 3.5-இன் மூலக் கோப்புகள் கிடையா. ஆகவே இருவழியும் அடைபட்டுப் பொறி வெறுங்கையோடு மீண்டது. இதற்குத் தீர்வு இரண்டு. இத்தகைய கோப்புகளுக்கு மட்டும் நேரே வெளியிலுள்ள விண்டோஸ் அப்டேட்டை நாடுமாறு குரூப் பாலிசியை மாற்றலாம். அன்றேல், நிறுவல் வட்டிலுள்ள ‘சோர்சஸ்’ என்னும் கோப்புறையின் உள்ளே ‘எஸ்எக்ஸ்எஸ்’ என்றிருக்கும் சிறு கோப்புறையினைக் காட்டலாம்.

அவர் இரண்டாவதனைத் தேர்ந்து, எம்மையே செய்யப் பணித்தார். டிஸ்ம் என்னும் கட்டளையில் கோப்புகளின் இடத்தைக் குறித்து, வெளியே சென்று தேடற்க என்னும் குறிப்பினையும் சேர்த்து இயக்கினோம். மீண்டும் அதே பிழை! எம் முகம் வாடியது. அவரோ டிஸ்ம் எழுதிவைக்கும் பதிவேட்டினைத் திறந்து, “கடைசி வரியில் உள்ளது விளைவு, மேலே ஏறிச் சென்று முதலில் தவறிய வரி எது என்று காண்” என்றார். ஓரிடத்து நேர்ந்த எழுத்துப்பிழை அடுத்தடுத்த சொற்களையும் கெடுத்தலைச் சுவடியிற் கண்டிருந்த எமக்கு இவ்வறிவுரை புதிதன்று. கணினிக்கும் அது பொருந்தும் என்பதே புதிது. தேடியவிடத்து, யாம் செருகியிருந்தது விண்டோஸ் சர்வர் 2016-இன் வட்டு என்பது புலனாயிற்று. சர்வரின் பதிப்பும் வட்டின் பதிப்பும் ஒன்றாதல் வேண்டும். 2019-இன் வட்டினைச் செருகி இயக்கவே, சில நிமிடங்களில் 3.5 அமர்ந்தது.

அதனோடு பணி முடிந்ததென்று எழுந்தோம். அவர் கையமர்த்தினார். வட்டிலிருந்து வந்த 3.5 அவ்வட்டு வெளிவந்த காலத்து நிலையினது. பின்னர்க் கண்ட குறைகளுக்குரிய திருத்தங்கள் அதில் இரா. ஆகலின் நிறுவிய பின்னர்ப் புதுப்பிப்புகளை மறுபடியும் தேடி ஏற்றுதல் கட்டாயம். அவ்வாறு ஏற்றிச் சர்வரைத் தொடங்கிக் காப்புப்படியினை அதனிடத்தில் வைத்தபின், அட்டவணை திறந்தது.

அழிந்த பதிவுகளுக்கு ஒரே பற்றுக்கோடு மரப்பெட்டி. கணினியில் ஏறிய அட்டைகளையும் எறிதல் கூடாது என்று பேராசிரியர் முன்னரே விதித்திருந்தமை எம் நற்பேறு. நான்கு மாலைப்பொழுதுகளில் அவற்றைத் தட்டச்சுச் செய்து முடித்தோம். பழைய மாணவர் நாளன்று அவரைத் தனியே கண்டு, எல்லாவற்றையும் கூறிப் பொறுத்தருள வேண்டினோம். அவர் நெடுநேரம் எம்மை நோக்கியிருந்து, “அட்டை இருக்கிறதல்லவா? நன்று. தட்டச்சுச் செய்தவற்றை அட்டையோடு ஒப்புநோக்கினாயா, தம்பி?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றோம். வேறொன்றும் அவர் கூறவில்லை. அன்று மாலை விருந்திற்குச் செல்லாமல் நூலகத்தில் அமர்ந்து ஒப்புநோக்கினோம். நான்கு பிழைகள் இருந்தன. ஒன்று ஆசிரியர் பெயரிலேயே.

நண்பர்களே! சர்வரிற் பழுது நேர்ந்தவிடத்துச் செய்யத்தக்கன அரியன அல்ல. கைவைக்குமுன் தரவுக்குப் படி எடுத்து, அப்படி திறக்கின்றதா என்பதையும் சோதித்தல், மென்பொருள் எப்பதிப்பினை வேண்டுகிறது என்று முதலில் அறிதல், பிழைச் செய்தியை இறுதி எழுத்துவரை படித்தல், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மாற்றியதனைக் குறித்தல், நிறுவிய பின்னர்ப் புதுப்பித்தல், இவ்வளவே. இவற்றுள் யாம் முதல் நாள் செய்தது ஒன்றுமில்லை. பெற்ற நலமும் நிலையானதன்று. டாட்நெட் 3.5-க்கும் விண்டோஸ் சர்வர் 2019-க்கும் மைக்ரோசாப்ட் அளிக்கும் ஆதரவு 2029-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாளோடு முடியும் என்று அந்நிறுவனமே அறிவித்துள்ளது. அதற்குள் அட்டவணையைப் புதிய அடித்தளத்தின்மேல் எழுப்புதல் வேண்டும். யாம் அப்பொழுது இக்கல்லூரியில் இரோம். பின்வருவார் பொருட்டு, செய்தவற்றையெல்லாம் நாள்வாரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதி, இயற்றியவரின் இரண்டு பக்கக் குறிப்போடு சேர்த்து அலமாரியில் வைத்துள்ளோம். எழுதியதனைச் சர்வரோடு ஒப்பிட்டு மீண்டும் ஒருமுறை படித்த பின்னரே, ஒவ்வொரு பக்கத்தின் வலப்பக்க மூலையிலும் ‘மூலம் பார்த்தது’ என்று குறித்தோம்.