நுகமும் இளைப்பாறுதலும்

தமிழிலே இளைப்பாறுதல் என்றொரு சொல் உண்டு. இளைப்பு ஆறுவதே இளைப்பாறுதல். சூடு தணிவதையும் ஆறுதல் என்கிறோம். துயருற்றவனுக்கு அயலார் சொல்லும் நல்வார்த்தையையும் ஆறுதல் என்கிறோம். கொதித்த பால் ஆறுவதையும் கொதித்த நெஞ்சு ஆறுவதையும் ஒரே சொல்லாற் குறித்த எம் முன்னோரின் நுண்ணறிவு வியக்கத்தக்கது. தமிழ் வேதாகமத்திலே கிறிஸ்துநாதர் வழங்கும் பேறும் இச்சொல்லாலேயே அமைந்துள்ளது. (யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வது நன்று.)

மத்தேயு எழுதிய நற்செய்தியின் 11ஆம் அதிகார இறுதியில் அவ்வழைப்பு வருகின்றது. உழைத்துக் களைத்தோரையும் பாரஞ் சுமப்போரையும் தம்மிடம் வரும்படி அழைக்கும் பெருமான், அவர்களுக்கு இளைப்பாறுதல் தருவதாக வாக்களிக்கிறார். பலர் அவ்விடத்தோடு நின்றுவிடுகின்றனர். சுவரிலே தொங்கும் நாட்காட்டிகளும் பெரும்பாலும் அவ்வளவையே அச்சிடுகின்றன. ஆனால், அடுத்த வசனத்திலேயே அவர் தமது நுகத்தை ஏற்றுக்கொள்ளும்படி கூறுகிறார். களைத்து வந்தவனுக்குப் பாய் விரிக்காமல் நுகத்தடியை நீட்டுவது விந்தையன்றோ?

உழவு இயந்திரம் வந்துவிட்டமையால் இக்காலப் பிள்ளைகளுட் பலர் நுகத்தைக் கண்டிரார். அதிலே பூட்டப்படுபவை இரு மாடுகள். பழக்கமற்ற இளங்காளையைப் பழகிய எருதோடு இணைத்துப் பூட்டுவது உழவர் கையாண்ட முறை. சால் எங்கே திரும்பும் என்பதை மூத்தது அறியும். இளையது அதனோடு நடந்தாற் போதும். வயல் சிறிதாவதில்லை, வெயில் தணிவதுமில்லை. தனியே இழுக்கவேண்டியதில்லை என்பதே வேறுபாடு. கிறிஸ்தவ விசுவாசம் தரும் இளைப்பாறுதலை நாம் இவ்வாறே விளங்கிக்கொள்கிறோம். பரீட்சைக்கு முதல்நாள் மாத்திரம் மெழுகுதிரி கொளுத்துவோரும், கடவுளைத் தலையிடிக்குப் போடும் குளிசையெனக் கருதுவோரும் இதனை ஒப்பமாட்டார்கள்.

வட ஆபிரிக்காவிலே 354ஆம் ஆண்டு பிறந்த அகுஸ்தீனாரின் வாழ்வு இதற்கு நல்ல சான்று. நாவன்மையாற் புகழ்பெற்று மிலான் நகரிலே ஆசிரியராக வீற்றிருந்தபோதும் அவருடைய உள்ளம் அமைதியின்றி அலைந்தது. 386ஆம் ஆண்டிலே, ஒரு தோட்டத்தில், கண்ணீரின் நடுவே மனமாற்றம் பெற்றார். மறு ஆண்டிலே ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. இப்போ நகரின் ஆயராகி, வழக்குத் தீர்ப்பதும் பிரசங்கம் செய்வதும் நூல் எழுதுவதுமாக முதுமைவரை உழைத்தார். 430ஆம் ஆண்டிலே அவர் கண்மூடியபோது, வந்தாலியர் படை அந்நகரை முற்றுகையிட்டிருந்தது. அமைதி கண்ட நெஞ்சினர் அமைதியான ஊரிலே இறக்கவில்லை.

முற்றுகையும் படையும் எமக்குத் தொலைவான கதைகளல்ல. 17ஆம் நூற்றாண்டிலே, ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடிய குடும்பங்களாலேயே மடுத் திருப்பதி உருவாயிற்று. அகதிகள் கட்டிய அக்கோவில், எமது காலப் போரின்போது மீண்டும் அகதிகளுக்குக் கூரையாயிற்று. அங்கே நிம்மதி தேடிப் புகுந்தோர்மீது 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் எறிகணைகள் வீழ்ந்தன. குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008ஆம் ஆண்டிலே அச்சொரூபமும் ஒருமுறை இடம்பெயர்ந்து, சில மாதங்களின் பின் திரும்பியது. கோவிலுக்குள் இருந்தோரைக் காவாத கடவுள் யாருக்கு இளைப்பாறுதல் தருவார் என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். அதற்குச் சொல்லால் விடை கூறும் துணிவு எமக்கில்லை. அதே கோவிலுக்கு, அதே துயரைச் சுமந்தவர்கள் ஆண்டுதோறும் திரும்பிவருகிறார்கள் என்பது மட்டும் நாம் கண்ணாற் கண்டது.

போர் முடிந்தபின் எமது தந்தையார் காலமானார். அவர் விட்டுச்சென்ற கடன் தலைக்குமேல் நின்றது. அன்னையார் நித்திரை கொள்வதேயில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கதவுப் பூட்டைப் பார்ப்பார், மறுபடியும் படுப்பார், மறுபடியும் எழும்புவார். அந்த ஆண்டு ஒகஸ்ட் திருவிழாவுக்கு அவரை அழைத்துக்கொண்டு மடுவுக்குச் சென்றோம்.

மரநிழல்களிலே கூடாரங்கள். ஒருபுறம் தமிழிலும் மறுபுறம் சிங்களத்திலும் செபமாலை. எமக்கு அடுத்த கூடாரத்திலே முல்லைத்தீவுப் பக்கத்து அம்மையார் ஒருவர், தம்மோடு வந்தோருக்கு மாத்திரமன்றி அக்கம்பக்கத்தாருக்கும் பெரிய பானையிலே சோறு சமைத்துக்கொண்டிருந்தார். 2009ஆம் ஆண்டிலே இரு ஆண்மக்களை இழந்தவர் அவர் என்பது பேச்சின் நடுவே தெரியவந்தது. அன்னையார் சற்றுத் தயங்கிக் கேட்டார்:

"இஞ்ச வந்தா மனம் ஆறுதோ, அக்கா?"

"எங்க ஆறுறது, தங்கச்சி? மாதாவிட்டச் சொல்லி அழுவன். அழுது முடிஞ்சாத்தான் சமைக்கக் கை வரும்," என்றவர், அகப்பையை அன்னையாரிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் கிண்டிவிடுங்கோ," என்றார்.

அன்று மாலைவரை அன்னையார் அந்த அடுப்படியைவிட்டு நகரவில்லை. பின்னர் இருவருமாகக் கோவிலுக்குச் சென்று நெடுநேரம் முழந்தாளில் நின்றனர். என்ன வேண்டினார் என்று நாம் கேட்கவில்லை. இரவு பாயிலே சாய்ந்தவர், குழந்தைகளின் அழுகைக்கும் பஸ்களின் இரைச்சலுக்கும் அசையாமல், அதிகாலைப் பூசைக்கு மணி அடிக்கும்வரை உறங்கினார்.

ஊருக்குத் திரும்பிய வாரமே கடன்காரர் படலையிலே வந்து நின்றார். முன்பெல்லாம் அவர் குரல் கேட்டதும் அன்னையார் குசினிக்குள் இருந்துகொண்டு எம்மையே அனுப்பிவைப்பார். அன்று தாமே சென்று அவரை உள்ளே அழைத்து, கதிரை போட்டுத் தேநீர் கொடுத்து, மாதம் எவ்வளவு கட்ட இயலும் என்று கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டினார்.